உயர்நிலைப் பள்ளி நூலகத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நூலகம் மாணவர் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஒயரிங், மின்விசிறி, வர்ணம், ஜன்னல் கம்பிவலை, தரை ஓடு எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. ரசீதுகள் கோப்பில் உள்ளன. அவற்றைப் பற்றி யாரும் எங்களைக் கேட்கவில்லை. மாடியில் இருந்த நூலகத்தை ஏன் கீழே இறக்கினீர்கள், அலமாரி வேலை ஏன் இழுத்தது, செலவு ஏன் கூடியது, பழைய புத்தகங்கள் எங்கே போயின என்பவைதான் பொதுக்குழுவிலும் வெளியிலும் எழுந்த கேள்விகள். இந்த அறிக்கை பெரும்பாலும் அவற்றுக்கான பதில்.

மாடி அறை விசாலமானது, காற்றோட்டமானது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மாணவர்கள் போனது நூலகப் பாடவேளையில், ஆசிரியர் வரிசையாக அழைத்துப் போனபோது மட்டும். தேர்வு நெருங்கினால் அந்தப் பாடவேளையும் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தானாக ஒரு புத்தகத்தைத் தேடக்கூடிய நேரம் காலை மணி அடிப்பதற்கு முன்பும், மதிய இடைவேளையிலும், பள்ளி விட்ட பிறகும்தான். அந்த நேரத்தில் படியேறிக் கோடியறைக்குப் போக மாட்டார்கள்; வகுப்புக்குப் போகும் வழியில் கதவு திறந்திருந்தால் நுழைவார்கள். ஊன்றுகோலோடு வரும் மாணவருக்கு மாடி நூலகம் இல்லாத நூலகம். இன்னொன்று, பாரம். புத்தக அடுக்குகள் நிறைந்த அறையின் தளம் வகுப்பறைத் தளத்தைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு பாரம் தாங்க வேண்டும் என்பது கட்டடப் பொறியாளர்களின் பொதுக் கணக்கு. வகுப்பறைக்காகப் போட்ட தளத்தில் ஆண்டுதோறும் புத்தகம் ஏற்றிக்கொண்டே போக எங்களுக்குத் துணிவில்லை.

கீழே இறங்கினால் ஈரமும் கரையானும் உண்டு என்று எச்சரித்த உறுப்பினர்கள் சொன்னது சரியே. அதற்காகத்தான் சுவரோரம் துளையிட்டு மருந்து செலுத்தினோம், ஈரத்தடுப்புப் பூச்சு பூசினோம், எந்த அலமாரியும் சுவரை ஒட்டாமல் காற்று போக இடைவெளி விட்டோம். இந்தச் செலவு முதல் மதிப்பீட்டில் இல்லை. ஈரம் தங்கினால் பூஞ்சணமும் ராமபாணப் பூச்சியும் புத்தகத்தைத் தின்றுவிடும். இதில் சிக்கனம் பார்க்க முடியாது.

இனி அலமாரி விவகாரம். ஒப்பந்ததாரரின் பெயரை இங்கே எழுதவில்லை, உறுப்பினர்களுக்குத் தெரியும்.

கையெழுத்தான வரைபடத்தில் இருந்தது: ஒவ்வொரு தட்டும் 90 சென்டிமீட்டர் நீளம், 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், முன்புறம் திறந்தது. வந்து இறங்கியது: 120 சென்டிமீட்டர் நீளத் தட்டு, மேலே பளபளப்பான தாள் ஒட்டிய பார்ட்டிக்கிள் போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), கண்ணாடிக் கதவு, பூட்டு. பார்ப்பதற்கு அழகாக இருந்தது என்பதும், உறுப்பினர்களில் சிலரே "இதுதானே நல்லது, இருந்துவிட்டுப் போகட்டும்" என்றதும் உண்மை. நாங்கள் ஏற்கவில்லை. ஏன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாரம் சீராகப் பரவிய பலகையின் தொய்வு, நீளத்தின் நான்காம் அடுக்குக்கு (நீளம் × நீளம் × நீளம் × நீளம்) ஏற்பக் கூடும். நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் தொய்வு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். அதிலும் பார்ட்டிக்கிள் போர்டு நிலையான பாரத்தில் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும், பாரத்தை எடுத்தாலும் முழுதாக நிமிராது. ஈரம் பட்டால் உப்பி, திருகாணிப் பிடிப்பை விட்டுவிடும். வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று ஒரு தட்டில் கலைக்களஞ்சியத் தொகுதிகளை அடுக்கி அப்படியே விட்டுவைத்தோம். சில வாரங்களில் நடுப்பகுதி இறங்கியது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நேரில் வந்து பார்த்த உறுப்பினர்கள் அதன்பின் எங்கள் பக்கம் நின்றார்கள், அவர்களுக்கு நன்றி.

கதவும் பூட்டும் அதைவிடப் பெரிய பிரச்சினை. "திருட்டுப் போகாதே" என்றார் ஒப்பந்ததாரர். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். பூட்டிய அலமாரியில் புத்தகம் கேட்க, அதன் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பதினான்கு வயதில் தனக்கு என்ன வேண்டும் என்றே பாதி தெரியாது. அடுக்குகளுக்கு நடுவே நடந்து, எடுத்துப் புரட்டி, வைத்து, வேறொன்றை எடுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். உடல் மாறுவதைப் பற்றி, வீட்டில் நடந்த ஒரு சாவைப் பற்றி, மனதை அழுத்தும் பயத்தைப் பற்றி ஒரு புத்தகம் வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் நாலு பேர் முன்னால் சாவி கேட்க மாட்டாது. திறந்த அடுக்கில் கை நீட்டி எடுத்துக்கொள்ளும். சில புத்தகங்கள் காணாமல் போகும்தான். யாரும் தொடாமல் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கும் புத்தகத்தைவிட அந்த நஷ்டம் சிறியது என்று இந்தக் குழு உறுதியாக நம்புகிறது.

பணத்தை நிறுத்தினோம், ஒப்பந்ததாரர் ஆட்களை நிறுத்தினார். தேர்வுக் காலத்தில் புத்தகங்கள் மூட்டைகளாகத் தாழ்வாரத்தில் கிடந்தன, மாணவர்கள் அவற்றைத் தாண்டி நடந்தார்கள். அந்த வாரங்களில் எங்களுக்கு வந்த வசவுகளை இங்கே எழுத மனமில்லை. குழுவில் யாருக்கோ வேறு ஒப்பந்ததாரரோடு உடன்பாடு என்று பேசியவர்களுக்கு மட்டும் ஒரு பதில்: இரண்டாவது விலைப்புள்ளிகள் தலைமையாசிரியரும் தணிக்கையாளரும் இருக்கையில்தான் பிரிக்கப்பட்டன, உறைகளும் கையொப்பங்களும் கோப்பில் உள்ளன. முடிவில், அளவுக்குப் பொருந்திய பக்கச் சட்டங்களுக்கு மட்டும் அளந்து பணம் கொடுத்தோம், மற்றதைத் திருப்பி அனுப்பினோம், வேறொரு தச்சர் வேலையை முடித்தார். மொத்தச் செலவு மதிப்பீட்டைவிட எட்டில் ஒரு பங்கு கூடியது. அதில் பெரும்பகுதி இந்த மறுவேலைக்கும் ஈரத்தடுப்புக்கும் போனது.

பழைய புத்தகங்களைக் "குப்பையில் போட்டுவிட்டார்கள்" என்ற புகார் எங்களை மிகவும் வருத்தியது. கழித்தவற்றின் பட்டியல் நூலகர் மேசையில் இருக்கிறது. 1991இல் கலைந்த சோவியத் ஒன்றியத்தை இன்னும் ஒரே நாடாகக் காட்டும் வரைபட நூல்களும், புளூட்டோ 2006லேயே கோள் பட்டியலிலிருந்து நீங்கிய பிறகும் ஒன்பது கோள் சொல்லும் பொது அறிவு நூல்களும் அதில் அடக்கம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை கையில் இவற்றைக் கொடுப்பது தவறு. பழைய பள்ளி மலர்களில் ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை. கிழிந்த இலக்கிய நூல்கள் புது அட்டையோடு, தமிழ் இலக்கியத்துக்கான 894.811 எண்ணின் கீழ் நிற்கின்றன. புத்தக முதுகில் எதற்கு எண் என்று கேட்டவர்களுக்கு: நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்க மெல்வில் டியூவி 1876இல் வெளியிட்ட தசம வகைப்பாடு அது. கணிதம் 510, வேதியியல் 540. இங்கே பழகிய மாணவர் நாளை அதே முறையைப் பின்பற்றும் எந்த நூலகத்திலும் தானே தேடிக்கொள்வார்.

வாசிப்பு மேசைகள் எதற்கு இத்தனை என்றும் கேட்டார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். இடைவேளையில் சேர்ந்து விளையாட யாரும் இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். இப்போது பள்ளி விட்ட பிறகும் மேசைகள் நிரம்புகின்றன. இரவல் பதிவேட்டை எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களே முறைவைத்து எழுதுகிறார்கள். இதைப் பார்க்கையில் பட்ட பாடெல்லாம் தகும் என்றே தோன்றுகிறது.

நன்கொடையாளர்கள். தம் சேமிப்பிலிருந்து கணித அடுக்கு முழுவதையும் ஏற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளின் நினைவாக அறிவியல் அடுக்கைத் தந்த பெற்றோர், மேசைகளைத் தந்த பழைய மாணவர் அணிகள், நாற்காலிகளைத் தந்த பெற்றோர் குழு, மின்விசிறிகளைத் தந்த ஆசிரியர்கள், ஒரு மாதச் சம்பளம் கொடுத்த பள்ளிக் காவலாளி, கூலி வாங்காமல் புத்தகம் கட்டிய அச்சகத் தொழிலாளர்கள், உண்டியல் சில்லறையைக் கொண்டுவந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், எல்லோர் பெயரும் வாசல் பலகையில் அகர வரிசையில் பொறிக்கப்பட்டுள்ளன. பெருந்தொகை கொடுத்தவர்களை மேலே போட வேண்டும் என்ற கோரிக்கையைக் குழு ஒருமனதாக நிராகரித்தது. அப்படிக் கொடுத்தவர்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

இரண்டாவது தச்சருக்குத் தராமல் பிடித்து வைத்திருக்கும் தொகை, ஒரு மழைக்காலம் முடிந்து அலமாரிகளைச் சோதித்த பின் வழங்கப்படும். முழுநேர நூலகரின் ஊதியத்துக்கு இந்த ஆண்டுக்கு மட்டுமே நிதி இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கான ஏற்பாடு வரும் பொதுக்குழுவின் முதல் பொருளாக வைக்கப்படும். தணிக்கை செய்த கணக்கைப் பள்ளி அலுவலகத்தில் எந்த உறுப்பினரும் வேலை நேரத்தில் பார்க்கலாம்.

செயலாளர்,
திருப்பணிக் குழு