வேதியியல் பாடநூல் எழுதுவோருக்கு: நீரின் இரு பிணைப்புகளையும் அருகருகே காட்டுங்கள்

மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழில் வேதியியல் பாடநூல் எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்பில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில், நீரின் பிணைப்பைப் பற்றிய பகுதியை அடுத்த பதிப்பில் மாற்றி எழுத வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன்.

கொதிக்கும் நீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே "ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்" என்று சொல்வதுண்டு. ஹைட்ரஜன் பிணைப்பை வரையச் சொன்னால், ஒரே மூலக்கூறின் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவே புள்ளிக்கோடு போடுகிறார்கள். இத்தனைக்கும் வரையறையைப் பிசகாமல் எழுதிவிடுகிறார்கள். அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்வதால் மூலக்கூறுக்குள் இருக்கும் சகப்பிணைப்பும், ஒன்றின் ஹைட்ரஜனை மற்றொன்றின் ஆக்சிஜன் ஈர்ப்பதால் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பும் வெவ்வேறானவை என்பதுதான் மனத்தில் பதிவதில்லை. இரண்டின் அளவுகளையும் அருகருகே வைத்துக் காட்டாதவரை அது பதியவும் பதியாது என்பது என் கருத்து.

நீர் மூலக்கூறின் ஓர் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பை முறிக்க மோலுக்கு (மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு) ஏறத்தாழ 460 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆனால் ஒரு மோல் நீரை 100 டிகிரி செல்சியசில் முழுவதும் ஆவியாக்க 41 கிலோஜூலே போதும். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டால், குமிழிக்குள் இருப்பது நீராவிதான் என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். அடுத்த படியையும் அவர்களே எடுத்து வைக்கலாம்: ஒரு மூலக்கூறு அண்டையிலுள்ள நான்கு மூலக்கூறுகளோடு பிணையக்கூடும், ஒவ்வொரு பிணைப்பையும் இரு மூலக்கூறுகள் பகிர்வதால் மூலக்கூறுக்கு இரண்டு பிணைப்புகள் என்று கணக்கு வரும், ஆகவே 41-ஐ இரண்டால் வகுத்தால் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பின் வலிமை மோலுக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல் என்று தெரியும். இது தோராயமான கணக்குதான். ஆனாலும் மனப்பாடம் செய்த எண்ணைவிடத் தானே கண்டடைந்த எண் மாணவனிடம் நெடுநாள் தங்கும். பனிக்கட்டி உருக மோலுக்கு 6 கிலோஜூல் மட்டுமே தேவைப்படுவதைச் சேர்த்துச் சொன்னால், திரவ நீரிலும் பெரும்பாலான ஹைட்ரஜன் பிணைப்புகள் நிலவுகின்றன என்பதும், அவை நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான காலத்தில் முறிந்து முறிந்து மீண்டும் சேர்கின்றன என்பதும் விளங்கத் தொடங்கும்.

பனிக்கட்டி மிதப்பதற்கும் காரணத்தைப் படிப்படியாகத் தர வேண்டும். ஆக்சிஜனில் பிணைப்பில் சேராத இரண்டு தனித்த எலக்ட்ரான் இணைகள் இருப்பதால் மூலக்கூறு 104.5 டிகிரிக்கு வளைகிறது. நான்கு திசைகளில் நான்முகியாகப் பிணையும்போது நடுவே வெற்றிடம் விழுகிறது. அதனால் பனிக்கட்டியின் அடர்த்தி நீரைவிடக் குறைந்து கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம் ஆகிறது. மார்கழிக் குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெயைச் சற்றே இளக்கினால், உறைந்த பகுதி அடியில் கிடப்பதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். பெரும்பாலான பொருள்களின் இயல்பு அதுவே என்றும் நீர் அதற்கு விலக்கு என்றும் அங்கே சுட்டலாம்.

ஹைட்ரஜன் பிணைப்பு ஃப்ளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகிய மூன்றோடு மட்டுமே உண்டாகும் என்று கற்பிப்பதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் இ. அருணன் தலைமையிலான குழு வகுத்து, பன்னாட்டு வேதியியல் அமைப்பான ஐயுபேக் 2011-இல் வெளியிட்ட வரையறையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஹைட்ரஜனோடு இணைந்த அணு அதைவிட எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பின் எலக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும் திறன்) மிகுந்ததாக இருப்பதும், பிணைப்பு உண்டானதற்குச் சான்று இருப்பதுமே அங்கே முக்கியம். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் இரண்டு ஹைட்ரஜன் சல்பைடு மூலக்கூறுகளும் ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்கின்றன என்று 2018-இல் நிறமாலை ஆய்வு காட்டியது. நீர் 100 டிகிரியிலும் ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60 டிகிரியிலும் கொதிப்பதற்குக் காரணம், பிந்தையதில் அந்தப் பிணைப்பு மிகவும் வலுவற்றது என்பதே. 'இல்லை' என்று எழுதும் இடத்தில் 'வலுவற்றது' என்று எழுதினால் போதும்.

ஒரே படத்தில் இரண்டு பிணைப்புகளையும் உரிய நீள விகிதத்தில் வரைந்து கொடுங்கள்: சகப்பிணைப்புக்கு 0.096 நானோமீட்டர், ஹைட்ரஜன் பிணைப்புக்கு அதன் ஏறக்குறைய இரு மடங்கு. படத்தின் கீழேயே இரண்டின் ஆற்றலையும் குறிப்பிடுங்கள். பயிற்சி வினாக்களில், வரையறை கேட்கும் வினாவுக்குப் பதிலாக, குமிழிக்குள் என்ன இருக்கிறது, ஏன் என்று கேட்கும் வினாவைச் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர்