ஆக்ஸில் நட்டும் நாலடி பைப்பும்

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வரியிலேயே, முன்சக்கரத்தின் நடுவில் ஷாஃப்ட்டைப் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டை) பிடித்திருக்கிற பெரிய ஆக்ஸில் நட் கழலவே மாட்டேனென்கிறது, என்ன செய்வது என்று தாவிவிட்டாய், நீ மாறவே இல்லை!

காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தையும் கழற்றிவிட்டு நட்டோடு மல்லுக்கட்டினாய் என்கிறாய். கோளாறே அங்கேதான். ஜாக்கியில் நிற்கிற காரில் பைப் போட்டு ஏறி அழுத்தினால் நட்டுக்கு முன்னால் கார்தான் அசையும். சக்கரத்தை மறுபடி மாட்டி இறக்கிவிடு. நடு மூடியை மட்டும் நெம்பி எடுத்தால் அந்த ஓட்டை வழியே நட்டைக் கவ்வும் சாக்கெட் போகும். போகவில்லையென்றால் அந்தப் பக்கம் ஸ்டெப்னியை மாட்டு, அதில் நடுவில் மூடி இருக்காது.

சாக்கெட் வைப்பதற்கு முன் நட்டின் வாயை உற்றுப் பார். ஷாஃப்ட்டில் நீளவாக்கில் ஒரு பள்ளம் தெரியும். நட்டின் மெல்லிய கழுத்தை அதற்குள் ஓரிடத்தில் அடித்து மடக்கியிருப்பார்கள். அதுதான் பூட்டு. நிமிர்த்தாமல் திருகினால் மடங்கிய துண்டு மரையை உழுதுகொண்டே வரும், ஷாஃப்ட் வீண். குறுகிய உளியைப் பள்ளத்தில் படுக்க வைத்து, சிறு சுத்தியலால் தட்டித் தட்டி வெளிப்பக்கம் நிமிர்த்து. பழைய மாடலாக இருந்தால் பல் வெட்டிய நட்டும் அதன் குறுக்கே ஒரு பின்னும் இருக்கும். பின்னை உருவினால் போதும்.

உன் ஊர் உப்புக் காற்றில் மரை துருப்பிடித்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை முதல்நாள் மாலையே விடு, படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை. நெருப்புக் காட்டாதே. பக்கத்திலேயே பேரிங் சீலும் ஏபிஎஸ் சென்சார் வயரும் இருக்கின்றன.

சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும், பன்னிரண்டு முனை நட்டின் மூலையை மழுக்கிவிடும். அதைத் திருகும் கம்பியின் சதுர முனை முக்கால் அங்குலம். சிறு கார்களில் இந்த நட்டை ஏறக்குறைய 200 நியூட்டன் மீட்டருக்கு (திருகும் பலத்தின் அளவு) இறுக்கியிருப்பார்கள், துரு சேர்ந்தால் அதைப்போல இரண்டு மடங்கும் கேட்கும். ஒன்றரை அடிக் கம்பியில் 50 கிலோ அழுத்தினால் 220தான் வரும். நாலடி ஜிஐ பைப்பைச் செருகினால் அதே 50 கிலோ 590 ஆகும். அரை அங்குலக் கம்பியின் சதுர முனை முறிவதும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான்.

ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். அதையும் போடு, முதல் கியரில் நிறுத்து, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல். இடது சக்கரத்தில் பைப் காரின் முன்பக்கம் நீட்டியிருக்க, கீழே அழுத்த வேண்டும். அப்போது கார் முன்னே உருளப் பார்க்கும், எனவே டயருக்கு முன்னால் கல் வை. வலது சக்கரத்துக்கு எல்லாமே தலைகீழ்: பைப் பின்பக்கம், கல்லும் பின்னால்.

ஒரு சின்ன விஷயம், பலரும் விட்டுவிடுவது: சாக்கெட்டின் கழுத்துக்கு அடியில் ஜாக் ஸ்டாண்டை முட்டுக் கொடு. இல்லாவிட்டால் கம்பி சாய்ந்து, பாதி பலம் சாக்கெட்டைப் பிடுங்குவதிலேயே போய்விடும். குதிக்காதே, உடம்புப் பாரத்தை மெதுவாக ஏற்று. 'டப்'பென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டால் நட் விட்டுவிட்டது, அல்லது ஏதோ முறிந்துவிட்டது!

விட்டதும் அரைச் சுற்றோடு நிறுத்தி, பிறகு காரைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துக் கழற்று. தளர்ந்த நட்டோடு காரை ஓட்டாதே, தள்ளவும் செய்யாதே. பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த நட்தான். ஷாஃப்ட் வெளியே வராவிட்டால் நட்டை ஷாஃப்ட் முனையோடு சமமாக நிறுத்தி, மரக்கட்டை வைத்துத் தட்டு. நேரே இரும்பால் அடித்தால் முனை பூத்துவிடும்.

மாட்டும்போது புது நட்தான். பழையதன் கழுத்தை இரண்டாம் முறை மடக்கினால் விரிசல் விடும். திருகும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் உன் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்கி, முனை மழுங்கிய உளியால் மடக்கு.

சாக்கெட்டை 32 மி.மீ. என்று குத்துமதிப்பாக வாங்கிவிடாதே. 30 இருக்கும், 36-ம் இருக்கும். நட்டை அளந்து எழுது. முக்கால் அங்குலக் கம்பி என்னிடம் சும்மாதான் கிடக்கிறது, பஸ்ஸில் போட்டு விடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி