போடாமல் விட்ட அஞ்சு குழி

அன்புள்ள நண்பா,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாமணியில் தண்ணீர் கரையைத் தொட்டுப் போகிறது. குறுவை அறுத்து மூட்டை போட்டாயிற்று. சம்பா நட்டுப் பயிர் பச்சை பிடித்து நிற்கிறது. போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு நீ வந்திருந்தபோது டீக்கடை பெஞ்சில் நடந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. "நூறு நாள் வேலை வந்ததிலிருந்துதான் நடவுக்கு ஆள் இல்லை" என்றேன். "அதுக்கு முன்னாடியே ஆள் குறைய ஆரம்பிச்சாச்சேடா" என்றாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. "ஊரை விட்டுப் போனவன், உனக்கு என்னடா தெரியும்" என்றேன். உட்கார்ந்திருந்த நாலு பேர் சிரித்தார்கள். நீ பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாய். பேச்சில் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன்.

அது ஜெயிப்பு இல்லை என்று குறுவைப் பயிர்தான் எனக்குக் காட்டியது.

ஆடியில், நட்டு இருபது நாள் இருக்கும், பயிர் வெளுக்க ஆரம்பித்தது. இலையில் நடு நரம்பு அடிப்பக்கம் மஞ்சள் தட்டியிருந்தது. மேலெல்லாம் துருவைத் தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளி. பங்காளி வீட்டுப் பையன் விவசாயம் படித்தவன், போன வருஷம்தான் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறான். வரப்பில் குந்தி ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இது துத்தநாகக் குறை. ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்க" என்றான். "நேத்து வரைக்கும் ஏசியில இருந்தவன் எனக்குச் சொல்ல வர்றியா" என்று கேட்டேன். பார், உன்னிடம் சொன்ன அதே வார்த்தை, ஆள்தான் வேறு. இலையைப் பற்றி அவன் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு ஏதும் இல்லை, அதனால் அவனைப் பற்றிப் பேசினேன்.

யூரியா போட்டேன். பத்து நாளில் பயிர் கொஞ்சம் தேறியது. "பார்த்தியா" என்று அவனிடம் சொன்னேன். அவன் பதிலுக்குப் பேசாமல் தன் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மூலையில் நாலு மூங்கில் குச்சி நட்டு, உள்ளே அஞ்சு குழி அளவுக்கு, அதாவது நம் நில அளவுக் குழியில் ஒரு சின்னத் துண்டு, ஜிங்க் போடாமல் விட்டிருந்தான். மற்ற உரம், தண்ணீர், நாற்று எல்லாம் ஒன்றுதான். குச்சிக்கு இந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாகப் பயிர். அந்தப் பக்கம் குட்டையாக, துரு ஏறி, தூர் கட்டாமல் கிடந்தது. "இதை விடலைன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது பெரியப்பா. நடுவுல மழை பெஞ்சுதுல்ல, பயிர் தேறினது அதனாலயா இதனாலயான்னு எப்படிச் சொல்றது?" என்றான்.

எனக்கு ரொம்ப நேரம் பேச்சே வரவில்லை. என் வயலில் பயிர் தேறியது யூரியாவாலா, மழையாலா, தானாகவேயா? முழு வயலுக்கும் தூவிவிட்டேன், இனி யாராலும் அதைச் சொல்ல முடியாது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அடுத்தவனைச் சொல்கிறோம். காக்காய் உட்காராத மரத்திலும் பழம் விழுகிறதா என்று யார் போய்ப் பார்க்கிறோம்?

அதற்கப்புறம் மணிமேகலையை எடுத்து மறுபடி படித்தேன். பூம்புகாரில் தொடங்கும் கதை, கடைசியில் காஞ்சிக்குப் போகிறதல்லவா. அங்கே 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு வாதம் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறார். பள்ளிக்கூடத்தில் இந்தப் பக்கம் நாம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்று நிறுவ வருவது பக்கம். புகை தெரிவதால் என்று காட்டும் காரணம் ஏது. அடுக்களையைப் போல என்று சொல்லும் எடுத்துக்காட்டு திட்டாந்தம். இவை ஒவ்வொன்றிலும் வரும் கோளாறுக்குப் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பெயர். பிழை என்று சொல்லாமல் போலி என்று வைத்திருப்பதை நினைத்து நினைத்து வியக்கிறேன். பதரும் பார்க்க நெல் மாதிரியேதான் இருக்கும். தூற்றினால்தான் காற்றோடு போகும். டீக்கடையில் நான் சொன்னதும் அப்படித்தான், பார்க்கக் காரணம் மாதிரியே இருந்தது.

அதில் இன்னொன்றும் உண்டு. திட்டாந்தமே இரண்டு வகை. சாதன்மியம் ஒத்து வருவதைக் காட்டும். வைதன்மியம், அது இல்லாத இடத்தில் இதுவும் இல்லை என்று காட்டும். அந்தப் பையன் விட்டு வைத்த அஞ்சு குழிதான் வைதன்மியம்! நாம் எப்போதும் முதல் வகையை மட்டும் அள்ளிக்கொண்டு சண்டைக்குப் போகிறோம்.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் என் மச்சான் தோப்பில் முப்பது தென்னை தப்பியது. "வருஷா வருஷம் தூருக்கு உப்பு வெச்சேன், அதான் நிக்குது" என்று இன்றைக்கும் சொல்கிறார். சாய்ந்து கிடந்த மரங்களுக்கும் அவர் உப்பு வைத்தவர்தானே. அதை அவரிடம் கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. மரத்தைப் பறிகொடுத்தவரிடம் தர்க்கம் பேசக் கூடாது.

கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். தளர்வு அறிவித்தால்தான் உண்டு. களத்தில் தார்ப்பாயை விலக்கி, குவியலின் மேலிருந்து நாலு நெல் எடுத்துக் கடித்தேன். கடக்கென்றது. "காஞ்சிருச்சு, ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்று மூட்டை பிடிக்கச் சொன்னேன். உன் அண்ணி ஒன்றும் பேசாமல் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஈரம், சூடு, லேசாக முளை வாடை. பானையில் எல்லாச் சோறும் ஒரே கொதியில் புரண்டது, அங்கே ஒரு சோறு போதும். குவியல் அப்படி இல்லை. ஊரில் ஒருவனைப் பார்த்துவிட்டு அவன் தெருவையே சோம்பேறி என்கிறோமே, அந்தப் பேச்சுக்கும் இந்தப் பழமொழியைத்தான் இழுக்கிறோம். எனக்கு அது பொறுக்கவே இல்லை.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். நூறு நாள் வேலை நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு வந்தது 2006இல், நம் திருவாரூர் மாவட்டத்துக்கு 2007இல். நீ திருப்பூருக்குப் போனது 1994. நம் தெருவிலிருந்து நீங்கள் ஆறு பேர் ஒரே பஸ்ஸில் போனீர்கள், மன்னார்குடி வரை வந்து ஏற்றிவிட்டவன் நான்தான். உன் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டியதும் நான்தான். அந்த வேலைத் திட்டம் வருவதற்குப் பதிமூன்று வருஷத்துக்கு முன்னாலேயே ஆள் போனதற்கு நீயே சாட்சி. அந்தச் சாட்சியைப் பார்த்துத்தான், ஊரை விட்டுப் போனவன் என்று வாயை மூட வைத்தேன்.

நேற்று அதே கடையில் அதே பேச்சு வந்தது. நீ சொன்னதை நான் சொன்னேன். "அப்ப நூறு நாள் வேலையால ஒண்ணுமே ஆகலைங்கிறியா?" என்று ஒருவர் பாய்ந்தார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. கூலி ஏறியதில் அதற்குப் பங்கு இருக்கலாம், ஆனால் அதற்கு முன்னாலேயே போனவர்களுக்கும் காரணம் சொல்ல வேண்டும் அல்லவா என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போனவர்கள் யார் யார் என்று கேட்டார். உங்கள் ஆறு பேரையும் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

பொங்கலுக்கு அவசியம் வா. நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தை, அதே பெஞ்சில் அந்த நாலு பேர் முன்னால்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். சம்பாவிலும் பையன் அஞ்சு குழி விட்டிருக்கிறான். இந்தத் தடவை என் வயலில் குச்சி நட்டது நான். நீ வரும்போது கதிர் வாங்கி நிற்கும், இரண்டு பேரும் போய்ப் பார்ப்போம்.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்