உழுதல் வேறு, உழத்தல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'உழு' என்ற வினைச்சொல்லைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் 'உழந்தும் உழவே தலை' (குறள் 1031) என்பதற்கு 'உழுதாலும்' என்று பொருள் எழுதியிருப்பது சரியல்ல. உழு என்பது உழுதான், உழுவான் என்று வரும். 'உழுதுண்டு வாழ்வாரே' (1033) என்பதில் இருப்பது அதுதான். உழந்தான், உழப்பான் என்று வருவது 'உழ' என்ற தனி வினை. பாடுபடுதல், வருந்துதல் என்று பொருள். 'கடலன்ன காமம் உழந்தும்' (1137) என்ற இடத்தில் ஏருக்கு என்ன வேலை? எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தாலும் உழவே தலை என்பதே 1031 சொல்வது.

உழு என்றால் கலப்பை இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. புறநானூற்றின் 168ஆம் பாட்டில் காட்டுப்பன்றிகள் காந்தள் கிழங்குக்காக மண்ணைக் கிண்டுகின்றன. 'கேழல் உழுத பூழி' என்கிறார் புலவர். அதே புழுதியில் குறவர் 'உழாஅது வித்திய' தினை விளைகிறது. மண்ணைக் கிளறிப் புரட்டுவதுதான் சொல்லின் பொருள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கன்னடத்தில் உளு, மலையாளத்தில் உழுக என இதே சொல் இருப்பதையும் சேர்த்திருக்கலாம்.

'தொடிப்புழுதி கஃசா உணக்கின்' (1037) என்பதை ஆழ உழுவதற்குச் சான்றாகக் காட்டியிருக்கிறார்கள். அதில் ஆழமே பேசப்படவில்லை. தொடி ஒரு பலம், கஃசு கால் பலம்; பலம் என்பது பழைய எடை அளவு. ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி காயவிட்டால் என்கிறது குறள். சாதாரண வயல் மண் காய்ந்து முக்கால் பங்கு எடை இழக்காது. நன்றாகக் காயவிடு என்பதை அழுத்திச் சொன்ன கணக்கு அது. கோடை உழவின் பலனும் அதில்தான். புரண்ட மண் வெயிலில் கிடந்தால் கோரைக்கிழங்கு வாடும், கூட்டுப்புழுக்கள் பறவைக்கு இரையாகும்.

ஆனால் தண்ணீர் கட்டாமல் உழும் புழுதி உழவுக்கு மண்ணில் அளவான ஈரம், அதாவது பதம், வேண்டும். நான்கு அங்குல ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் ஏர் பூட்டலாம். சப்பையாக ஒட்டிக்கொண்டால் பொறுக்க வேண்டும். அந்த ஈரத்தில் களிமண்ணை உழுதால் பாளம் பாளமாகப் பெயர்ந்து, காய்ந்ததும் கல்லாகிவிடும். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் ஈரம் போதாது, கலப்பையின் இரும்பு முனையான கொழு இறங்காது.

'சால்' என்பதற்குக் கலப்பை கீறிய கோடு என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். வயல் முழுவதையும் ஒரு தடவை உழுவதும் ஒரு சால்தான். 'ரெண்டு சால் ஓட்டியாச்சு' என்பது அந்தக் கணக்கு. நாட்டுக் கலப்பை மேலே அகன்று கீழே குறுகித்தான் கீறும். இரண்டு கோட்டுக்கு நடுவே உழாத மண் முதுகு போல நிற்கும். அதனால்தான் இரண்டாம் சாலைக் குறுக்கே ஓட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி.