உள்ளே பாடிய வண்டு

கோவை
ஞாயிறு இரவு

மாப்ளே,

ஆறு மாசமாக உன் போனை எடுக்காததற்கு அப்புறம் திட்டு. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன், இதை உனக்கு எழுதாமல் தூக்கம் பிடிக்கவில்லை.

காலேஜில் நமக்குக் கடன் கொடுத்த போத்தனூர் அங்கிளின் பழைய கிடார் ஆம்ப்ளிஃபயர், அதே ஆம்ப், என்னிடம் வந்திருக்கிறது. வீட்டை விற்கிறார்களாம். அவர் தங்கை மகன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பின்பலகையில் நீ பிளேடால் கீறிய இனிஷியல் அப்படியே இருக்கிறது, திருட்டுப் பயலே.

1958ல் வந்த வாக்ஸ் ஏசி15 என்ற இங்கிலாந்து கிடார் ஆம்பின் சர்க்யூட்டைப் பார்த்து யாரோ கட்டியதுபோல் இருக்கிறது. ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் கடைசிக் கட்டத்தில் இரண்டு இஎல்84 வால்வு (கண்ணாடிக் குழாய்), பெங்களூர் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) கம்பெனி முத்திரையோடு. காய்ந்துபோன ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மாற்றினேன். முதலில் 100 வாட் பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்தேன். பளிச்சென்று எரிந்து மங்கியது. சரி, ஷார்ட் இல்லை. பிறகு நேராகக் கரண்ட் கொடுத்தால், வலது வால்வின் வெளித்தகடான பிளேட் கருப்பாகவே இருக்க, இடுக்கு வழியாக உள்ளே இருக்கும் ஸ்கிரீன் கம்பி மட்டும் செக்கச் செவேலென்று தெரிகிறது. உடனே அணைத்துவிட்டேன். பிளேட்டுக்கு வோல்ட் போகாவிட்டால் இப்படி ஆகும். தேங்கி நின்ற 300 வோல்ட்டை ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு மீட்டரை வைத்தேன். பிளேட்டுகளுக்கு வோல்ட் போவது ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான். அதில் ஒரு பாதி நன்றாக இருக்கிறது, மறுபாதி ஓப்பன், உள்ளே கம்பி அறுந்திருக்கிறது.

கணபதியில் நமக்குத் தெரிந்த மோட்டார் வைண்டிங் அண்ணனிடம் கொடுத்தேன். "நாளைக்கு வாங்க தம்பி" என்றவர், ஸ்டாம்பிங்கை, அதாவது சுற்றைச் சூழ்ந்த இரும்புத் தகடுகளை, கழற்றியதும் பேச்சை நிறுத்திவிட்டார். வால்வு பக்கத்துப் பிரைமரி கொஞ்சம், ஸ்பீக்கர் பக்கத்துச் செகண்டரி கொஞ்சம், மறுபடி பிரைமரி என்று அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றினால்தான் மேல் ஸ்தாயி மழுங்காது. இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றாக எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டே பிரித்தார். மூன்றாவது அடுக்கில் காகிதத்தின்மேல் கடுகளவு கரும்புள்ளி. அந்த இடத்தில் கம்பி அறுந்திருந்தது. "வயசாகிப் போனதில்லீங்க தம்பி, பொத்துக்கிட்டுப் போயிருக்கு" என்றார்.

எனக்கு அங்கேயே 1994 காலேஜ் விழா ஞாபகம் வந்துவிட்டது. யார் காலிலோ தட்டி ஸ்பீக்கர் ஒயர் கழன்றது. சத்தம் வரவில்லையென்று நீ வால்யூமைத் திருகினாய், நான் இன்னும் ஓங்கி அடித்தேன். பெட்டிக்குள்ளிருந்து மெல்லிசாகக் கிடார் கேட்டதே, "உள்ளே வண்டு பாடுதுடா" என்று சிரித்தாயே, அது டிரான்ஸ்ஃபார்மர் மாப்ளே. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அந்தச் சக்திக்குப் போக்கிடம் இல்லை. பிரைமரியிலேயே வோல்ட் எகிறி இன்சுலேஷனைப் பொத்துவிடும்.

மறுநாள் அங்கிள் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்பீக்கரைக் கழட்டினீங்களா?" மருதமலை முருகன்மேல் சத்தியமாக இல்லை என்றோம். தானாகக் கழன்றதை எப்படிக் கழட்டினதாகச் சொல்வது என்று வழியெல்லாம் நீ வாதாடினாய். அதன்பிறகு ஆம்ப் தரவில்லையென்று அவரைக் கஞ்சன் என்றோம். இத்தனை வருஷமும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் அதைப் போர்வை போர்த்தி மூலையில் வைத்திருந்தாராம். நம் பெயரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

இன்று சாயங்காலம் புது வைண்டிங்கோடு ஆன் செய்தேன். ஆறாவது கம்பியைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினேன். மேஜைமேல் கிடந்த திருகாணிகள் அதிர்ந்தன.

அங்கிள் இப்போது பெர்த்தில் மகள் வீட்டில். எண்பது தாண்டிவிட்டது. நம்பர் வாங்கிவிட்டேன். நடந்ததைச் சொல்லி, ஆம்பையும் போனிலேயே கேட்கவைக்க வேண்டும். தனியாகச் சொல்ல எனக்கு வாய் வராது. சனிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. கிடாரை மறக்காதே.

உன் பங்காளி