வேணும்னே பண்ணாரா?

ஆசிரியருக்கு வணக்கம். உங்க பேப்பர்ல வர்ற அக்கம்பக்கத்து சண்டை கேள்வி பதிலை விடாம படிக்கிறவ நான், சுத்தி சுத்தி எல்லாரும் கேக்குறது வேணும்னே பண்ணாங்களா இல்லையாங்கறதுதான். ஜோஷுவா நோப்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2003ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு ஞாபகம் வருது, மன்ஹாட்டன் பார்க்ல இருந்தவங்ககிட்ட ஒரு கதை சொன்னார். புது திட்டத்துல லாபம் வரும், ஆனா சுற்றுச்சூழல் கெடும்னு ஒரு கம்பெனி சேர்மன்கிட்ட சொல்றாங்க, அவரு அதைப் பத்தி எனக்கென்ன, லாபம் வந்தா சரி, ஆரம்பிங்கங்கறாரு, கெட்டும் போகுது. வேணும்னே கெடுத்தாரான்னு கேட்டா 82 சதவீதம் பேர் ஆமான்னாங்க. வேற ஆளுங்ககிட்ட அதே கதைல கெடும்ங்கறதை நல்லாகும்னு மாத்தினார், சேர்மனோட அலட்சியம் அப்படியேதான், ஆனா 77 சதவீதம் பேர் அவரு ஒண்ணும் வேணும்னே நல்லது பண்ணலன்னுட்டாங்க!

எங்க தெருவுல மாடி வீட்டுக்காரர் ஏசி தண்ணி பைப்பை கண்டபடி விட்டிருக்கார். கீழ்வீட்டு அக்காவோட மல்லிச் செடில விழுந்தப்போ யாரும் அவருக்கு நன்றி சொல்லல, பைப் நகந்து செவுத்துல பாசி புடிச்சதும் வேணும்னே பண்றான்யான்னு தெருவே பேசுது. எங்க விழுதுன்னு ரெண்டு தடவையும் அவருக்குத் தெரியும், கண்டுக்கல (பைப்பை சரி பண்ண வேண்டியது அவருதான், அதுல சந்தேகமில்ல). பதில் எழுதறவங்க அந்த ஆளு மனசுல என்ன இருந்துச்சுன்னு முதல்ல கேட்டுட்டு சேதாரத்தை அப்புறம் பாருங்க, இப்ப தலைகீழா நடக்குது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி