ஆனை வாங்கியாச்சு, அங்குசத்துக்கு ஏன் இத்தனை யோசனை?

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் திரு. ராபர்ட் நட்டிங் அவர்களுக்கு,

வணக்கம். 2026 ஜனவரியின் கடைசி வாரம் இது. பிராடென்டனில் பயிற்சி முகாம் தொடங்க இன்னும் இரண்டு வாரம் போல இருக்கிறது. மூன்றாம் பேஸைக் காத்து மட்டையும் பிடிக்க உருப்படியான ஆள் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே இந்த மடல்.

நவம்பரில் நம் பிட்சர் பால் ஸ்கீன்ஸுக்கு நேஷனல் லீகின் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருது கிடைத்தது. வாக்களித்த 30 பேரும் முதலிடத்தில் அவர் பெயரைத்தான் எழுதினார்கள். 187⅔ இன்னிங்ஸ் வீசி, தடுப்பாட்டப் பிழையால் வந்தவை போக, அவர் விட்டுக்கொடுத்த ரன்கள் 41. ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 என்று வருகிறது. இரண்டு லீகையும் சேர்த்துப் பார்த்தாலும் அதுதான் முதலிடம். 216 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அவர் கணக்கில் ஏறிய வெற்றி 10, தோல்வியும் 10.

பிட்சரின் வெற்றி தோல்விக் கணக்கை இப்போது யாரும் பெரிதாக மதிப்பதில்லை என்று உங்கள் அலுவலகத்தில் இருக்கும் புள்ளிவிவரக்காரர்கள் சொல்வார்கள். சரிதான். 2010-ல் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13-12 என்ற கணக்கோடு இந்த விருதை வாங்கினார், 2018-ல் ஜேக்கப் டிகிராம் 10-9 என்ற கணக்கோடு வாங்கினார். அந்த எண் வீச்சாளரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் அவருக்குப் பின்னால் மட்டை பிடித்த ஒன்பது பேரைப் பற்றி நிறையவே சொல்லும்.

2025 மே 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஆட்டம். ஸ்கீன்ஸ் 8 இன்னிங்ஸும் தானே வீசினார், கொடுத்தது ஒரே ரன். அவருடைய மேஜர் லீக் வாழ்க்கையில் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தது அதுதான் முதல் தடவை. முழு ஆட்டம் என்றால் 9 இன்னிங்ஸ் அல்லவா என்று கேட்பவர்களுக்கு: விருந்தாளி அணி தோற்றுக்கொண்டிருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியை ஆட வேண்டியதே இல்லை. வீச எட்டுதான் மிச்சம் இருந்தது. நம் ஆட்கள் எடுத்தது பூஜ்யம், முடிவு 1-0. இதைவிட நன்றாக ஒரு பிட்சர் வீசுவது எப்படி என்று யாராவது விளக்கினால் அவருக்கும் சொல்லி அனுப்பலாம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வலி புதிதல்ல. என்ன, அங்கே ஒரு நல்ல பௌலர் கடைசியில் இறங்கி நாலு சுற்றாவது சுற்றிப் பார்க்கலாம். இங்கே பிட்சர் மட்டை பிடிப்பதையே 2022-ல் இரண்டு லீகிலும் நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஆண்டு முழுவதும் 162 ஆட்டங்களில் பைரேட்ஸ் எடுத்தது 583 ரன், ஆட்டத்துக்கு 3.6. முப்பது அணிகளிலும் கடைசி. ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி) 117, அதிலும் கடைசி. ரன் வறட்சி மட்டையோடு நின்றுபோகும் நோய் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எல்லா ஆட்டமும் ஒரு ரன், இரண்டு ரன் இடைவெளியில் நின்றால், மேனேஜர் ஏழாவது இன்னிங்ஸிலிருந்தே தன் சிறந்த ரிலீவர்களை, அதாவது பின்பாதியில் வீச வரும் மாற்று வீச்சாளர்களை, இறக்கியாக வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து இறக்கினால் நாலாம் நாள் கை விழுந்துவிடும். 6-1 என்று முன்னிலையில் இருக்கும் ஆட்டங்கள்தான் இந்த ரிலீவர் கூட்டமான புல்பென்னுக்கு ஓய்வு நாள், நமக்கு அப்படிப்பட்ட நாட்கள் அபூர்வம். போதாததற்கு ஜூலை கடைசியில், இதே ஊர்ப் பக்கத்துப் பையனான ரிலீவர் டேவிட் பெட்னாரை யாங்கீஸுக்குக் கொடுத்தீர்கள். 71 வெற்றி, 91 தோல்வி என்று பருவம் முடிந்தது.

இனி நன்றி சொல்ல வேண்டிய இடம், சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. இந்தக் குளிர்காலத்தில் நீங்கள் அசைந்தீர்கள். டாம்பா பேயிலிருந்து பிராண்டன் லௌ வந்தார். 2025-ல் 31 ஹோம் ரன் அடித்தவர். ரயன் ஓஹெர்னுக்கு 2 ஆண்டுக்கு 29 மில்லியன் டாலர் கொடுத்தீர்கள். இவான் நோவாவுக்கு 2016 டிசம்பரில் 3 ஆண்டு கொடுத்ததற்குப் பிறகு, சந்தையிலிருந்து ஒரு ஃப்ரீ ஏஜென்டை, அதாவது எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாத வீரரை, ஓராண்டுக்கு மேல் நீங்கள் எடுத்தது இதுதான் முதல் தடவை.

தேர்வும் சரியான தேர்வு. நம் மைதானமான பிஎன்சி பார்க்கில் வலப்பக்க மூலை 320 அடி. சுவர் 21 அடி உயரம் என்றாலும் இடக்கை மட்டைக்காரர் இழுத்து அடித்தால் பந்து சுவரைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போகும். இடப்புறம் நடுவில் மைதானம் 410 அடிக்கு உள்வாங்கும். வலக்கைக்காரர் அடிக்கும் நல்ல அடிகள் அங்கே கேட்ச்சாகிச் சாகும். லௌவும் ஓஹெர்னும் இடக்கைக்காரர்கள். மைதானத்தின் அளவு தெரிந்து ஆள் எடுத்திருக்கிறீர்கள்.

சிக்கலும் அதே இடத்தில்தான். லௌ, ஓஹெர்ன், ஸ்பென்சர் ஹார்விட்ஸ், ஒனீல் குரூஸ் நாலு பேரும் இடக்கை. எதிரணி ஒரு இடக்கை வீச்சாளரை இறக்கினால் அவருடைய வளைந்தோடும் ஸ்லைடர் பந்து இந்த நாலு பேருக்கும் விலகி விலகி ஓடும். 2025-ல் இடக்கை வீச்சின் முன் குரூஸ் பட்ட பாட்டைப் பார்த்த எந்த எதிரணி மேனேஜரும் ஏழாவது இன்னிங்ஸில் எந்த வீச்சாளரை இறக்குவது என்று யோசிக்கவே மாட்டார். பாஸ்டனிலிருந்து வந்த கார்சியா வலக்கைதான், ஆனால் மேஜர் லீகில் இனிமேல்தான் தன்னை நிரூபிக்க வேண்டிய இளைஞர். பிரையன் ரெனால்ட்ஸ் இரண்டு கையிலும் ஆடுவார். அவர் ஒருவர் போதாது.

கேப்ரையன் ஹேஸைச் சின்சினாட்டிக்கு அனுப்பியபின் மூன்றாம் பேஸில் அடிக்கும் கை இல்லை. வலக்கை, மூன்றாம் பேஸ், அடிக்கத் தெரிந்தவர் என்று தேடினால் யூஹேனியோ சுவாரெஸ் இன்னும் சந்தையில்தான் இருக்கிறார். 2025-ல் 49 ஹோம் ரன். நம் அணி மொத்தமாக அடித்தது 117 என்பதை மறுபடி சொல்லிவிடுகிறேன். வயது 34, ஸ்ட்ரைக் அவுட் அதிகம், தடுப்பாட்டம் தேய்ந்துவிட்டது, எல்லாம் உண்மை. அதனால்தான் அவருக்கு நீண்ட ஒப்பந்தம் தேவைப்படாது. அவர் இல்லையென்றால் வேறொருவர். அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள்.

பணம் இல்லை என்று சொல்லப்போகிறீர்கள். அதற்கும் ஒரு கணக்கு. டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவின் மட்டைக்காரர் கைல் ஷ்வார்பருக்கு 4 ஆண்டுக்குச் சுமார் 125 மில்லியன் டாலர் தர நீங்கள் முன்வந்ததாகச் செய்திகள் வந்தன. அவர் 5 ஆண்டு, 150 மில்லியன் என்று ஃபிலடெல்ஃபியாவிலேயே இருந்துவிட்டார். அது உங்கள் தவறில்லை. ஆனால் 125 மில்லியன் தர மனம் இருந்தது என்று நீங்களே ஊருக்குக் காட்டிவிட்டீர்கள். அதில் ஓஹெர்னுக்கு 29, லௌவின் 2026 சம்பளம் 11.5. செலவு 40.5, மிச்சம் 84.5 மில்லியன். லௌவின் ஒப்பந்தம் இந்த ஆண்டோடு முடிகிறது, ஓஹெர்னுடையது 2027-ஓடு. ஷ்வார்பருக்குச் சொன்ன நாலு ஆண்டு 2026 முதல் 2029 வரை. ஸ்கீன்ஸ் உங்களிடம் இருக்கப்போவதும் அதே 2029 வரைதான்.

ஆகவே கோரிக்கை ஒன்றே ஒன்று: அந்த 84.5 மில்லியனை 2029 முடிவதற்குள் மட்டைக்காரர்களுக்கே செலவழியுங்கள். இந்தக் குளிர்காலத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

2029 என்ற ஆண்டு எப்படி வந்தது என்பது உங்களுக்குக் கசப்பான நினைவாகவே இருக்கும். 2024-ல் ஸ்கீன்ஸை மே 11 வரை மைனர் லீகிலேயே வைத்திருந்தீர்கள். முந்தைய கோடையில்தான் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வு) வந்தவர், கையைப் பக்குவமாக ஏற்ற வேண்டும் என்ற காரணத்தில் நியாயம் இருந்தது. ஆனால் புதுமுக விருதில் முதல் இரண்டு இடத்துக்குள் வருபவருக்கு முழு ஆண்டுச் சேவை (அணியோடு கட்டுண்டிருக்கும் காலக் கணக்கு) தரப்படும் என்பது விதி. அவர் விருதையே வாங்கினார், அவரை வைத்துக்கொள்ளக் கிடைத்திருக்கும் கூடுதல் ஆண்டு கைநழுவியது. தொடக்க நாளிலிருந்தே அணியில் வைத்திருந்தால் அந்த விருதுக்காக உங்களுக்கு ஒரு கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பாவது கிடைத்திருக்கும். அதுவும் போயிற்று. நம் மைனர் லீகில் வளரும் கானர் கிரிஃபின் விஷயத்தில் இந்தப் பாடம் நினைவிருக்கட்டும். 19 வயதில் 21 ஹோம் ரன், 65 ஸ்டீல் (பேஸ் திருட்டு), சராசரி .333. அவர் தயார் என்றால் ஏற்றுங்கள், தயாரில்லை என்றால் காத்திருங்கள். ஆனால் "கிரிஃபின் வருகிறார்" என்பதைப் பணம் செலவழிக்காமல் இருக்க ஒரு சாக்காக ஆக்காதீர்கள். மைனர் லீகில் மேலிருந்து இரண்டாம் படியில் ஒரு மாதம் ஆடிய பையன் மீது ஒரு நகரத்தின் பாரத்தை ஏற்றக் கூடாது.

2026-ல் ஸ்கீன்ஸின் சம்பளம் ஒரு மில்லியன் டாலரைச் சுற்றித்தான் இருக்கும். இந்தப் பருவம் முடிந்தால் சம்பளத்தை நடுவர் வழியாகவும் தீர்க்கும் ஆர்பிட்ரேஷன் தொடங்கும், மூன்று ஆண்டும் மூன்று படியாக ஏறும். அதாவது அவர் மலிவாகக் கிடைக்கும் கடைசி ஆண்டு இது. மிச்சப்படும் பணத்தை மட்டைக்குப் போட இதைவிட நல்ல நேரம் வராது.

கெரிட் கோல் பெயரை எடுக்க வேண்டாம் என்று பார்த்தேன், முடியவில்லை. 2011 டிராஃப்டின் முதல் தேர்வு, நாமே வளர்த்த வீச்சாளர். 2018 ஜனவரியில் ஹூஸ்டனுக்குக் கொடுத்தீர்கள். இரண்டு நாள் கழித்து நம் நட்சத்திர மட்டைக்காரர் மெக்கட்சனையும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினீர்கள். 2019 டிசம்பரில் யாங்கீஸ் கோலுக்கு 9 ஆண்டு, 324 மில்லியன் கொடுத்தது. நமக்கு அதுவரை 2013, 2014, 2015 என்று மூன்று பிளே ஆஃப். அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் இல்லை. உலகத் தொடர் வென்றது 1979-ல்.

ஸ்கீன்ஸ் சும்மா கிடைத்தவரும் அல்ல. 2022-ல் 100 ஆட்டம் தோற்றோம், அதற்குக் கிடைத்த கூலிதான் லாட்டரியில் விழுந்த அந்த முதல் தேர்வு. நூறு தோல்வியையும் உட்கார்ந்து பார்த்த ரசிகர்களும் அதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ரசிகர்களுக்கு 2025 ஏப்ரலில் கிடைத்த மரியாதை என்ன? பணம் கட்டித் தங்கள் வீட்டார் பெயரைப் பொறித்து மைதானத்தில் வைத்த செங்கற்கள் மறுசுழற்சிக் கூடத்தில் குவிந்து கிடந்தன. வலப்பக்கச் சுவரில் நம் பழைய நட்சத்திரம் ராபர்ட்டோ கிளெமென்டேயின் சட்டை எண் 21 இருந்த இடத்தில் ஒரு மதுபான விளம்பரம் ஏறியது. நிகரகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகும் வழியில் இறந்த மனிதரின் எண் அது. வலப்பக்கச் சுவரின் உயரமே அவருக்காகத்தான் 21 அடி. மன்னிப்புக் கேட்டீர்கள், 21-ஐத் திரும்ப வைத்தீர்கள். செங்கல்லை மாற்றும் வேகத்தில் மூன்றாம் பேஸை மாற்றியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. மன்னிக்கவும், கொஞ்சம் கடுமையாகிவிட்டது.

பக்கத்து வீட்டையும் பார்த்துவிடலாம். அதே ஆற்றங்கரையில், அதே 2001-ல் திறந்த மைதானத்தில் ஆடும் ஸ்டீலர்ஸ். அங்கே நோய் நேர் எதிர். அமெரிக்கக் கால்பந்து லீகில் எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, தொலைக்காட்சிப் பணமும் சமமாகப் பங்காகும். பணம் இல்லை என்ற பேச்சே கிடையாது. இல்லாதது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்.

நெடுநாள் குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பர்கர் 2022 ஜனவரியில் விடைபெற்றார். அந்த ஆண்டு 20-வது இடத்தில் கென்னி பிக்கெட்டை எடுத்தார்கள். இரண்டே ஆண்டில் அவர் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். பிறகு ஃபீல்ட்ஸ், வில்சன், 41 வயதில் ஏரன் ராட்ஜர்ஸ். தோற்றுப்போகவே மாட்டோம் என்ற பிடிவாதம். 10-7 என்று முடிக்கும் அணிக்கு டிராஃப்டில் இருபதுகளில்தான் இடம் கிடைக்கும், நல்ல குவார்ட்டர்பேக்குகள் அதற்கு முன்பே போயிருப்பார்கள். இந்த ஜனவரி 12-ல் ஹூஸ்டனிடம் 30-6 என்று தோற்றார்கள், மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் டாம்லின் விலகினார். வந்திருப்பவர் மைக் மெக்கார்த்தி. 2011-ல் ராட்ஜர்ஸை வைத்துக்கொண்டு ஸ்டீலர்ஸையே 31-25 என்று வீழ்த்திச் சூப்பர் பௌல் வென்ற அதே மெக்கார்த்தி.

ஏப்ரல் 23 முதல் 25 வரை டிராஃப்டே பிட்ஸ்பர்க்கில்தான் நடக்கப்போகிறது. ஊர்க் கூட்டத்தின் கைதட்டலுக்காக ஒரு குவார்ட்டர்பேக்கை அவசரப்பட்டு எடுத்துவிடக் கூடாது. இண்டியானாவை 16-0 என்று சாம்பியனாக்கிய ஃபெர்னாண்டோ மென்டோசா நமக்கு எட்ட மாட்டார்; முதல் தேர்வு லாஸ் வேகஸின் கையில். ஓரிகனின் டான்டே மோர் கல்லூரிக்கே திரும்பிவிட்டார். மிஞ்சியவர்களில் அலபாமாவின் டை சிம்ப்சன் முன்னால் நிற்கிறார். பாதங்களை வைக்கும் விதமும், களத்தைப் படிக்கும் முறையும் அழகு. ஆனால் அவர் தொடக்க வீரராக இறங்கியது ஒரே ஒரு பருவம். அத்தனை குறைந்த அனுபவத்துக்கு முதல் சுற்றைக் கொடுத்தால், எதிரணிகள் அவருடைய வீடியோவைப் பார்த்து முடித்த இரண்டாம் ஆண்டில் என்ன ஆகும் என்று பார்க்க அவர் கல்லூரியில் ஆடிய இரண்டாம் ஆண்டே நம்மிடம் இல்லை. ஆறாம் சுற்றில் எடுத்த வில் ஹவர்டுக்கு ஓர் ஆண்டு தந்து பார்ப்பதும், அந்த முதல் சுற்றைத் தாக்குதல் வரிசைக்கோ ரிசீவருக்கோ போடுவதும் உத்தமம். 2027-ல் கூடை இதைவிட நிறைந்திருக்கும்.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு, திரு. நட்டிங். அவர்கள் நாலு ஆண்டாக ஆனையைத் தேடி அலைகிறார்கள். உங்கள் வாசலில் ஆனை நிற்கிறது. அங்குசத்துக்குத்தான் கணக்குப் பார்க்கிறீர்கள்.

சம்பள உச்சவரம்பு வந்தால் எல்லாம் சரியாகும் என்று நீங்கள் நம்பலாம். வீரர் சங்கத்தோடு லீக் போட்ட ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது, பேச்சுவார்த்தை என்னவாகும் என்று பார்ப்போம். உச்சவரம்பு வந்தால் கூடவே ஓர் அடிவரம்பும் வரும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். வருமானப் பகிர்வில் வரும் பணம் ஆட்டத்தை மேம்படுத்தவே செலவாக வேண்டும் என்று இப்போதைய ஒப்பந்தமே சொல்கிறது. அப்படிச் செலவழிக்கவில்லை என்று 2018-ல் வீரர் சங்கம் நாலு அணிகள் மீது புகார் கொடுத்தபோது அதில் நம் பெயரும் இருந்தது.

எனவே பணிவுடன் மறுபடி கேட்கிறேன். பயிற்சி முகாமுக்கு முன் வலக்கை மட்டையோடு மூன்றாம் பேஸுக்கு ஒருவர். நவம்பரில் லௌ போகும்போது அவர் இடத்துக்கு அதே தரத்தில் இன்னொருவர், அல்லது அவருக்கே மறு ஒப்பந்தம். ஷ்வார்பருக்கு எடுத்துவைத்த பணத்தில் மிச்சமுள்ள 84.5 மில்லியன் 2029-க்குள் மட்டைகளுக்கே. ஸ்கீன்ஸ் வீசும் நாளில் நாலு ரன் எடுங்கள், ஐயா. அவருக்கு இரண்டே போதும். மற்ற இரண்டு புல்பென்னுக்கு.

இப்படிக்கு,
பிட்ஸ்பர்க் அணிகளின் ரசிகன்